மொட்டை வெயிலில் மூழ்கிய படகு

ஊர்க்காவலன் படகு முதலாளி ஆனது ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. அந்த நேரத்தில் அவன் அச்சங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் நான் இருந்தேன். முதலாளி ஆன விஷயம் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே மதில் ஏறிக் குதித்து ஓடியிருப்பான்.

எங்கள் பக்கம் ஆலைக்குள் போகிறவர்கள் பீடி, தீப்பெட்டி, செல்போன் மூன்றையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். போன்கள் ஒரு மரப்பெட்டிக்குள் கிடக்கும். பெட்டிக்குக் காவல் வாட்ச்மேன் உக்கிரபாண்டி. மணி அடித்தால் அவரே எடுத்துப் பேசுவார். வீட்டில் சாவு, பிரசவம் என்றால் உள்ளே ஆள் அனுப்ப வேண்டுமே என்று ஆரம்பித்த பழக்கம் அது. போகப் போக, கேஸ் கம்பெனி, ரேஷன், பேங்க் என்று யார் கூப்பிட்டு ஓடிபி கேட்டாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்துச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் ஊரில் நூற்று நாற்பது குடும்பத்துக்கும் அரசாங்கத்துக்கும் இருந்த உறவு முழுக்க அந்த மனிதரின் வாய்வழியாகத்தான் நடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டது, விருதுநகரில் இருக்கிற நதி உலா மேம்பாட்டு முகமை. பட்டாசுத் தொழிலாளிகளுக்கு மாற்றுத் தொழில் கொடுக்கும் திட்டத்தில் ஊர்க்காவலன் பெயர் குலுக்கலில் விழுந்திருக்கிறதாம். சம்மதமா என்று கேட்டார்கள். சிலிண்டர் என்று நினைத்துக்கொண்டு உக்கிரபாண்டி சம்மதம் என்றார். ஆறு எண்ணையும் சொன்னார். இன்னொரு தடவை சொல்லவா என்றும் கேட்டிருக்கிறார், பாவம்.

பத்து நாள் கழித்து லாரியில் படகு வந்து இறங்கியது. வெள்ளை ஃபைபர் படகு, மின்சார மோட்டார், பேட்டரி, வெயிலுக்குக் கூரை, இரண்டு சொகுசு இருக்கை, குளிர்பானக் குப்பி வைக்க இரண்டு குழி. பக்கவாட்டில் ‘நீலத்தாமரை’ என்று எழுதியிருந்தது. கூடவே வழவழப்பான தாளில் ஒரு கையேடு. புகையில்லை, சத்தமில்லை, டீசல் நாற்றமில்லை, ஒருமுறை சார்ஜ் செய்தால் முப்பது கிலோமீட்டர், உங்கள் துணையுடன் மாலை நேர நதியில் மிதந்து செல்லுங்கள் என்று போட்டிருந்தது.

நதி என்று அவர்கள் சொன்னது வைப்பாறு. எங்கள் ஊர்ப் பக்கம் வைப்பாற்றில் மணல் வண்டி ஓடும், நாய் ஓடும், தேர்தல் நேரத்தில் ஜீப் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் தண்ணீர் ஓடினால் ஊரே வேலையை விட்டுப் போய் வேடிக்கை பார்க்கும். மழை பெய்தால் மருந்து காயாது, மருந்து காயாவிட்டால் வேலை கிடையாது. ஆகவே ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்று சாமி கும்பிடுகிற ஆளும் எங்கள் பக்கம் குறைவு.

படகு சும்மா வாசலில் கிடந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. சிரித்துவிட்டுப் போயிருப்போம். நாலாம் நாள் ஊர்க்காவலன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘தங்கள் குடும்பம் நீர்வழி வாகன உடைமையாளர் பிரிவுக்கு உயர்த்தப்பட்டுள்ளது. வாழ்த்துகள். தங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டை ரத்து செய்யப்படுகிறது.’

அவன் மனைவி செல்வலட்சுமிக்குப் போன வருடம் வலது கை வெந்துவிட்டது. எந்த ஆலை என்று கேட்காதீர்கள், இப்போது அதற்கு வேறு பெயர், வேறு போர்டு. புண் ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டு ஐந்து விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டிவிட்டன. சோறு பிசைய முடியாது, தலை பின்ன முடியாது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில், தொடைத் தோலை எடுத்து வைத்து விரல்களைப் பிரித்துவிடலாம் என்று சொல்லி, அட்டையின் பேரில் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் கேட்டால் வரிசை அடுத்த சித்திரைக்குப் போனது. அதுவரை விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு பிரித்தாலும் விரல் வேலை செய்யாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஊர்க்காவலன் விருதுநகருக்கு பஸ் ஏறினான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டான்.

முகமை அலுவலகத்தைப் பார்த்தால் கடலே வந்து குடியிருக்கிற மாதிரி இருந்தது. வாசலில் நங்கூரம். சுவரில் துடுப்புகள். மேஜைக்குப் பின்னால் கப்பல் சக்கரம். கழிவறைக் கதவில் மட்டும் ‘தண்ணீர் இல்லை, மன்னிக்கவும்’ என்று அட்டை தொங்கியது. இணை இயக்குநர் செல்வக்குமார் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோளில் பொன்நிறப் பட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பட்டையை யார் கொடுத்தார்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

“சார், எனக்குப் படகு வேண்டாம் சார். நீங்களே எடுத்துக்கிடுங்க. என் வீட்டுக்காரி கார்டை மட்டும் திருப்பிக் குடுத்திருங்க. பன்னெண்டாம் தேதி ஆப்பரேசன்” என்றான் ஊர்க்காவலன்.

“ஓட்டிப் பார்க்காமலே வேண்டாம் என்றால் எப்படி? விதி என்ன சொல்கிறது? படகைத் திரும்ப ஒப்படைக்க வேண்டுமென்றால் குறைந்தது பத்து கிலோமீட்டர் நதியில் ஓடியிருக்க வேண்டும். படகுக்குள் கருவி இருக்கிறது. அது கணக்குச் சொல்லும்.”

“எங்கன சார் ஓட்டுறது? ஆத்துல தண்ணி இல்லையே.”

செல்வக்குமாருக்கு முகம் சுண்டிவிட்டது. “தண்ணீர் எங்கள் துறை இல்லை. எங்கள் துறை நதி உலா. தண்ணீருக்கு வேறு துறை, வேறு கட்டடம். அவர்கள் வேலையில் நாங்கள் தலையிடுவதில்லை.”

“அப்ப தண்ணி இல்லைன்னு ஒரு தாள் எழுதிக் குடுங்க சார். அதை வச்சாவது கேக்கோம்” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு பேசியதை நான் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். “நான் இந்த நாற்காலிக்கு வந்து நாலு வருடம். நாலு வருடத்தில் நதியில் தண்ணீர் இல்லை என்று ஒரு கோப்பில்கூட நான் எழுதியதில்லை. எழுதினால் இந்த அலுவலகம் எதற்கு என்று மேலே கேட்பார்கள். அலுவலகம் எதற்கு என்று கேட்டவர்கள் நான் எதற்கு என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் மனைவியின் ஒரு கைக்காக முப்பத்திரண்டு ஊழியர்களின் வயிற்றில் அடிக்கச் சொல்கிறீர்களா? மனிதாபிமானம் வேண்டாமா உங்களுக்கு?”

மனிதாபிமானம் இல்லாத நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம்.

நேரில் போய்க் கேட்டதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. அடுத்த வாரமே ‘சிறு மின்படகு உடைமையின் நடைமுறைச் சாத்தியத்தை ஆராயும் குழு’ ஊருக்குள் வந்து இறங்கியது. தலைவி அருணாதேவி அம்மாள், கூட இரண்டு பேர், மூன்று பேருக்கும் மிதவைச் சட்டை. ஊர்க்காவலன் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நாலு பழைய டயர் மேல் ‘நீலத்தாமரை’ இருந்தது. அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வித்தாளை எடுத்தார்.

“வார இறுதியில் எத்தனை மணி நேரம் உலா போகிறீர்கள்?”

“போகலம்மா.”

“சார்ஜ் எத்தனை நாள் நிற்கிறது?”

“வந்த அன்னைக்கு இருந்தது அப்படியே இருக்கும்மா. பட்டாசு ஆலை பக்கத்துல சார்ஜ் போடக்கூடாதுன்னு அதுக்கு ஒரு ஆபீஸ்ல இருந்து சொல்லிட்டாக.”

‘சார்ஜ் நீண்ட நாள் நிற்கிறது’ என்று அம்மாள் எழுதிக்கொண்டார்.

“அடிப்பகுதியில் பாசி, சிப்பி ஏதாவது ஒட்டுகிறதா?”

“இல்லம்மா.”

“மோட்டார் சத்தத்தால் நீர்ப்பறவைகளுக்குத் தொந்தரவு உண்டா?”

“பறவையா? எங்க கோழி உள்ளதான் அடைகாக்குது.”

‘பறவைகள் படகிலேயே இனப்பெருக்கம் செய்கின்றன’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். உள்ளே இருந்து செல்வலட்சுமி வந்தாள். மடங்கிய கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அந்த அட்டையைப் பற்றி உங்கள் தாளில் ஒரு கேள்வியும் இல்லையா என்று கேட்டாள். அம்மாள் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார், நல்ல மனுஷி. “இல்லையேம்மா. நாற்பத்தெட்டுக் கேள்வியிலும் இல்லை” என்றார்.

குழுவின் முடிவு தபாலில் வந்தது. மாநிலத்திலேயே பராமரிப்புச் செலவு மிகக் குறைந்த படகு ‘நீலத்தாமரை’தானாம். நடைமுறைச் சாத்தியம்: மிக நன்று.

அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சாத்தூர் செய்யது அபுதாஹிருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மிளகாய் மூடை ஏற்றுகிற லோடு வண்டி வைத்திருப்பவர். ஊர்க்காவலனை மாமா என்றுதான் கூப்பிடுவார். “பத்து கிலோமீட்டர்தான மாமா? கருவிக்குக் கண்ணா இருக்கு, தண்ணியா மணலான்னு பாக்குறதுக்கு? மூடை ஏத்துற வண்டில படகு ஏறாதா? கிளம்புங்க” என்றார்.

மறுநாள் காலை படகை லோடு வண்டியில் ஏற்றிக் கட்டி, வண்டியை ஆற்றுக்குள் இறக்கினோம். மணல் வண்டிகள் போட்ட தடம் நெடுஞ்சாலை மாதிரி கிடந்தது. ஊர்க்காவலனை சொகுசு இருக்கையில் உட்காரவைத்து, கருவியைப் பார்க்கச் சொன்னோம். கரையில் ஆடு மேய்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யார் பிரச்சாரத்துக்கு வருகிறார்கள் என்று நினைத்தார்களோ தெரியாது. பத்து கிலோமீட்டர் நானூறு மீட்டர் போய் நிறுத்தினோம். நெடுநாளைக்குப் பிறகு ஊர்க்காவலன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

இரண்டு நாளில் நோட்டீஸ் வந்தது. உள்நாட்டு நீர்வழியில் படகுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். ‘நீலத்தாமரை’ முப்பத்தெட்டில் போயிருக்கிறது. கரையோர மக்களுக்கும் மீன்வளத்துக்கும் ஏற்பட்டிருக்கக்கூடிய ஆபத்தைக் கருதி ஓட்டக் கணக்கு ரத்து, ஓட்டுநர் ஊர்க்காவலன் ஆறு மாதம் படகைத் தொடக்கூடாது.

“வெறும் மணல்ல படகு ஓட்டி ஓவர் ஸ்பீடுன்னு கேஸ் வாங்குன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் மாமா” என்றார் அபுதாஹிர். இந்தத் தடவை அவரும் சிரிக்கவில்லை.

அப்போது ஆகஸ்ட் முடியப் போகிறது. செல்வலட்சுமி அழுகிற ரகம் இல்லை. கை வேலைக்கு ஆகாமல் போன பிறகு பகலெல்லாம் வீட்டில் இருந்தவள், படகோடு வந்த விதிப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தே முடித்துவிட்டாள். அந்தப் புத்தகத்தை எழுதியவன்கூட முழுதாக வாசித்திருக்க மாட்டான். ஒரு சாயங்காலம் என்னையும் கூப்பிட்டனுப்பினாள்.

“இந்தாருங்க, பதினாலாவது விதி. படகுக்குள்ள விளிம்பு வரைக்கும் தண்ணி நெறைஞ்சிருந்தா அது மூழ்குனதாக் கருதப்படும், மூழ்குன படகுக்கு உரிமை தன்னால ரத்தாயிரும்னு போட்டிருக்கு. உள்ள தண்ணி இருக்கணும்னுதான் போட்டிருக்கு. வெளிய இருக்கணும்னு எங்கயும் எழுதலைங்க.”

ஊர்க்காவலன் வாயைப் பிளந்தான். எனக்கு அவள் காலில் விழலாம் போல் இருந்தது.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வியாழக்கிழமை மட்டும் வரும். வீட்டுக்குப் பத்துக் குடம். அந்த வியாழக்கிழமை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் பங்கில் இரண்டு குடத்தைக் கொண்டுவந்து படகில் ஊற்றினாள். எதிர்வீட்டு மாடத்தி யாரிடமும் எதுவும் கொடுத்து அறியாதவள், அவள் நாலு குடம் ஊற்றினாள். “கை சரியாயி வந்து எனக்கு ஒரு வாய் சோறு பெசைஞ்சு போடு, போதும்” என்றாள். படகு விளிம்பு வரை நிறைந்து, வெயிலில் தளும்பிக்கொண்டு நின்றது. அன்றைக்கே மனு போனது.

செப்டம்பர் ஐந்தாம் தேதி இணை இயக்குநர் செல்வக்குமாரே விபத்தைப் பார்வையிட வந்தார். மிதவைச் சட்டை போட்டிருந்தார். கயிறு சுற்றிய ரப்பர் வளையம் ஒன்றை ஒரு உதவியாளர் தலையில் சுமந்து வந்தார். செல்வக்குமார் டயர் மேல் இருந்த படகைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்.

“எவ்வளவு ஆழத்தில் மூழ்கியது?”

“ரெண்டடி இருக்கும் சார்” என்றான் ஊர்க்காவலன்.

“உயிர்ச் சேதம்?”

“கோழி முட்டை எட்டு சார்.”

ஊரே கூடி நின்றது. கூட்டத்தைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. “நீரை நம்பி வாழ்கிறவர்களுக்கு நீராலேயே துயரம் வருவது புதிதல்ல. இந்தத் துயரத்திலும் எனக்கு ஒரு பெருமை உண்டு. இந்த மாவட்டத்தில் படகு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு இந்தப் படகு பதில் சொல்லிவிட்டது. நன்றி ஊர்க்காவலன். உங்களால் இந்த ஆண்டு எங்கள் அறிக்கை முழுமையடைந்தது” என்றார். பிறகு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. நாங்களும் தலை குனிந்து நின்றோம். அந்த இரண்டு நிமிடமும் ஒரு வெள்ளாடு வந்து படகில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது சொன்னார். “உறுதிக் கடிதம் பதிவுத் தபாலில் வரும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கே அட்டை உயிர் பெறும்.”

“போன்ல ஏதும் கேப்பாகளா சார்?” என்று ஊர்க்காவலன் கேட்டான். சூடு கண்ட பூனை இல்லையா.

“போனில் எதுவும் கிடையாது. தபால்தான்.”

தபால்காரருக்காகச் செல்வலட்சுமி நாலு நாள் வாசலை விட்டு நகரவில்லை. மதுரைக்குப் போகப் பை கட்டி வைத்திருந்தாள். மாற்றுச் சேலை, தம்ளர், ஃபிளாஸ்க் எல்லாம் இடது கையாலேயே அடுக்கியிருந்தாள்.

ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை விட்டு கேட்டுக்கு வந்தோம். உக்கிரபாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஜூலையில் நடந்த கூத்துக்குப் பிறகு மனிதர் நொறுங்கிப் போயிருந்தார். இனி எவனுக்கும் ஓடிபி சொல்ல மாட்டேன் என்று இருக்கன்குடி மாரியம்மன் பேரில் சத்தியம் செய்து, ஆடி வெள்ளிக்கு மொட்டையும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“ஏப்பா ஊர்க்காவலா, இன்னைக்கு உன் போனுக்கு மூணு தடவ கூப்பிட்டானுக. படகு ஆபீஸ்னான். ஏதோ ரத்து, உறுதி, ஓடிபி சொல்லுங்கன்னான். நான் வாயத் தெறப்பனா? ஒருக்க ஏமாந்தது போதும்டான்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். வச்சுட்டு ஓடிட்டான்!”

சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அந்த மொட்டைத் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட் ஓரம் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காவலன் அவரைத் தூக்கி நிறுத்தி, “விடுங்கண்ணே, நீங்க என்ன செய்வீக” என்றான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் விருதுநகருக்கு ஓடினோம். ஒன்றாம் தேதியிலிருந்து முகமை காகிதமில்லா அலுவலகம் ஆகிவிட்டதாம், அதனால் தபால் நின்றுவிட்டதாம். அப்படியென்றால் ஐந்தாம் தேதி தபால் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்தச் சுற்றறிக்கை தபாலில் வந்துகொண்டிருந்தது என்றார் செல்வக்குமார்.

“இன்னொருக்க ஓடிபி அனுப்புங்க சார். கால்ல விழுறேன். நாளை மறுநா ஆப்பரேசன் சார்” என்று ஊர்க்காவலன் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

செல்வக்குமார் கணினியைத் திருப்பிக் காட்டினார். “பாருங்கள், மூன்று முறை மறுத்திருக்கிறீர்கள். ‘பயனாளி படகைப் பிரிய மனமில்லாமல் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். படகு மீட்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது’ என்று பதிவாகிவிட்டது. மீட்ட படகை மறுபடி மூழ்கடிக்க விதியில் இடமில்லை. ஒரு படகு ஒருமுறைதான் மூழ்கலாம்.”

“மூழ்குனதா, மீட்டதா சார்? நீங்கதான வந்து பாத்தீக? வீட்டு வாசல்ல டயர் மேல இருந்துச்சே சார்!”

“நான் பார்த்தது வேறு, பதிவு வேறு. பார்த்ததை எல்லாம் நம்பினால் நான் நாலு வருடம் இந்த வேலை பார்த்திருக்க முடியுமா?” என்றார். உள்ளபடியே உண்மையைச் சொன்னார், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் தேதி வந்தது, போனது. கட்டி வைத்த பையைச் செல்வலட்சுமி அவிழ்க்கவில்லை. ஊர்க்காவலன் ஏதோ ஆறுதல் சொல்லப் போனான். “சும்மா இருங்க” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, படகிலிருந்து இடது கையால் தண்ணீர் மொண்டு பாத்திரம் கழுவப் போனாள். அதன்பிறகு அந்தப் படகு எங்கள் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆனது. வியாழக்கிழமை லாரி வந்தால் முதலில் அதைத்தான் நிரப்புவோம். ஆற்றில் படகு போகாவிட்டால் என்ன, படகில் தண்ணீர் நின்றது.

அக்டோபரில் முகமையிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்தார். நடைமுறைச் சாத்திய ஆய்வுக்கு முகமைக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறதாம். சிவகாசியில் காலண்டர் அடிக்கிறார்கள், முகப்புக்கு ‘நீலத்தாமரை’ தம்பதி படம் வேண்டுமாம். செல்வக்குமார் மேற்பார்வைக்கு வந்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். படகில் இருந்த தண்ணீரை இறைக்கக் கூடாது என்று தெருப் பெண்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதனால் புருஷன் பெண்டாட்டி இருவரும் முழங்கால் தண்ணீரில் படகுக்குள் நின்றார்கள். பின்னால் ஆறும் தென்னைமரமும் அச்சகத்தில் போட்டுக்கொள்வார்களாம்.

“அண்ணன் சிரிங்க. அக்கா, வலது கையைத் தூக்கி டாட்டா காட்டுங்க” என்றார் புகைப்படக்காரர்.

செல்வலட்சுமி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

“அப்படி இல்லக்கா. விரலை நல்லா விரிச்சு.”

அவள் புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை. நிழலில் நின்ற செல்வக்குமாரைப் பார்த்தாள்.

“விரிக்கதுக்குத்தான்யா அந்த அட்டையக் கேட்டோம்” என்றாள். கையை இறக்கவில்லை.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பரவாயில்லை, இப்படியே எடுங்கள், இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். எடுத்தார்கள்.

காலண்டர் இப்போது எங்கள் மாவட்டத்தில் எல்லா ஆபீசிலும் தொங்குகிறது. அகண்ட நீல ஆறு, இரு கரையிலும் தென்னை, நடுவில் வெள்ளைப் படகு, அதில் ஊர்க்காவலன் நிற்கிறான், பக்கத்தில் செல்வலட்சுமி இறுகிய வலது முஷ்டியை உயர்த்திக்கொண்டு நேரே பார்க்கிறாள். கீழே, ‘பயனாளியின் உற்சாகம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.